நீலப் பை உப்பு

கனடாவுக்குப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், எங்கள் ஆட்கள் இரண்டு பகுதியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பகுதி, "அங்கை இல்லாத சாமானே? ஒண்டும் காவிக்கொண்டு போகாதை" என்று புத்தி சொல்லும். மற்றப் பகுதி, தங்கச்சிக்கும் மச்சாளுக்கும் கொடுத்துவிட ஒரு சின்னப் பார்சலோடு வாசலில் வந்து நிற்கும். இந்தச் சின்னப் பார்சல் மூன்று கிலோவுக்குக் குறைந்து நான் கண்டதில்லை.

கடந்த செப்ரெம்பரில் ரொறன்ரோவுக்குப் போனபோது இந்த இரண்டு பகுதியையும் ஒருவாறு சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாமல் போனது, ஸ்கார்பரோவில் இருக்கும் என் நண்பனிடமிருந்து வந்த ஒரு ரெலிபோன் அழைப்பு.

"மச்சான், வரேக்கை எனக்குக் கொஞ்சம் கிறிஸ்ப்ஸ் கொண்டு வா. அந்த நீலப் பை உப்பு வாறது. ஞாபகம் இருக்கோ? இவவுக்குச் சொல்லிப்போடாதை."

அவன் வைத்துப் பத்து நிமிடம்கூட இராது. அவனுடைய மனைவி எடுத்தா.

"அண்ணை, இவர் உங்களிட்டை ஏதும் கொண்டு வரச் சொல்லிக் கேட்டவரே?"

"இல்லைத் தங்கச்சி, சும்மா சுகம் விசாரிச்சவன்" என்றேன். எழுபத்தொரு வயதில் பொய் சொன்னால் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

"கேட்டாலும் கொண்டு வராதேங்கோ. உங்கடை கையாலை அவருக்கு ஒண்டு நடந்ததாய் இருக்கக்கூடாது."

அந்தக் கடைசி வசனம் எனக்கு நெஞ்சுக்குள் ஏறி இருந்துவிட்டது.

நண்பனுக்கு நீரிழிவு இருபத்தைந்து வருடமாக. அது மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைப் பிடித்து, இப்போது இரண்டு வருடமாக டயலிசிஸ். கிழமையில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம் கதிரையில் சாய்ந்திருக்க, மெசின் அவனுடைய இரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கும். எங்கள் வயதில் இந்தப் பேச்சு எந்தக் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் காதில் விழுகிறதுதானே. ஆனால் அவர்களுடைய சாப்பாட்டுக் கட்டுப்பாடு எப்படிப்பட்டது என்று நான் அதுவரை யோசித்ததில்லை. சீனி கூடாது, உப்புக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு மேல் பொற்றாசியம் கூடாது. சிறுநீரகம் வெளியே தள்ளாத பொற்றாசியம் இரத்தத்தில் சேர்ந்தால் இருதயத்தின் துடிப்பையே குழப்பிவிடும். பொஸ்பரஸும் அளவோடுதான். தண்ணீருக்கும் கணக்கு. உப்புத் தின்றால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் குடிக்கத் தோன்றும், குடித்தது உடம்பிலேயே நிற்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், உடம்புக்கு நல்லது என்று அம்மா ஊட்டி வளர்த்ததெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இளநீர், வாழைப்பழம், முருங்கையிலை, பலாப்பழம், மரவள்ளிக்கிழங்கு. உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் சின்னச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்கவேண்டும். பொற்றாசியத்தில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். கிறிஸ்ப்ஸுக்கு அந்த வழி கிடையாது. பச்சைக் கிழங்கை மெல்லியதாகச் சீவி நேரே எண்ணெயில் போடுகிறார்கள், தண்ணீர் வற்றிவிட, மற்றதெல்லாம் உள்ளே செறிந்து நிற்கிறது. நூறு கிராம் கிறிஸ்ப்ஸில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேலே பொற்றாசியம்.

ஆகவே அவன் கேட்டது, அவனுக்குக் கூடாததிலேயே முன்வரிசையில் நிற்கிற சாமான்.

கொண்டு போவதில்லை என்று முடிவெடுத்தேன். அப்படியென்றால் வேறு என்ன கொண்டு போகிறது? நாற்பத்தைந்து வருடச் சிநேகிதனிடம் வெறுங்கையோடு போக முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை, மூக்குக்கண்ணாடியையும் ஒரு துண்டுக் கடதாசியையும் எடுத்துக்கொண்டு சூப்பர்மார்க்கற்றுக்குப் போனேன்.

நான் தொழிலால் கணக்காளன். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. இலக்கங்களைப் பார்த்தால் கை இன்னும் தானாகப் பேனையைத் தேடும். அன்று பிஸ்கற் வரிசையில் ஒன்றே கால் மணித்தியாலம் நின்றேன். கடைப் பையன் இரண்டு தரம் வந்து, "ஏதாவது தேடுறீங்களா சேர்?" என்று கேட்டான். மூன்றாம் தரம் பாதுகாப்பு ஊழியர் வந்து சும்மா பக்கத்தில் நின்றார்.

டைஜெஸ்ரிவ் பிஸ்கற்றில் தொடங்கினேன். 1892 முதல் மக்விற்றீஸ் செய்கிற சாமான். அதிலுள்ள சோடா சமிபாட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் வைத்த பெயராம். நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதில், அது மருந்துக் கடையில் வாங்குகிற சாமான் என்றே நினைத்திருந்தேன். பெட்டியின் பின்பக்கம் பார்த்தால் சீனி, உப்பு, கொழுப்பு எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருக்கிறது, பொற்றாசியத்துக்கு இல்லை. கனடாவில் பொற்றாசியத்தின் அளவையும் பக்கற்றில் போடவேண்டும், இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. பொஸ்பரஸுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்று தங்கச்சி முன்பொருமுறை சொன்ன ஞாபகம். சேர்மானங்களின் பட்டியலில் எந்தச் சொல்லுக்குள்ளாவது 'பொஸ்' என்ற எழுத்துக்கள் ஒளிந்திருந்தால் வைத்துவிட்டு நகரவேண்டியதுதான். பார்க்கப் பார்க்க, கேக் என்றும் பிஸ்கற் என்றும் சொல்லிக்கொண்டு நிற்கிற பலதில் அந்த எழுத்துக்கள் இருந்தன. மாவைப் பொங்கவைக்கப் போடுகிற சாமானாம்.

அடுத்தது கரிபால்டி. இத்தாலிய வீரருடைய பெயர், 1861இல் இங்கே பேர்மண்ட்சியில் இருந்த பீக் ஃபிரீன் கொம்பனி போட்ட பிஸ்கற். நடுவில் நசுக்கி வைத்த சின்ன முந்திரிகைவற்றல். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதற்கு 'நசுங்கின இலையான் பிஸ்கற்' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். நண்பனுக்கு இது நல்ல விருப்பம். ஆனால் வற்றல் என்றாலே பொற்றாசியம். பழம் சுருங்கும், அது சுருங்காது. வைத்துவிட்டேன். போர்பனும் அந்தக் கொம்பனியின் கண்டுபிடிப்புத்தான். சொக்கிலேற் ஆனபடியால் அதுவும் போயிற்று. பேர்மண்ட்சித் தொழிற்சாலையை 1989இல் மூடிவிட்டார்கள். ஆனால் கனடாக் கடைகளில் இன்னமும் அந்தப் பெயரில் பிஸ்கற் விற்கிறது, நண்பன் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.

ஜஃபா கேக் வந்ததும் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். இதில் எனக்கு இரண்டு கதை இருக்கிறது. ஒன்று தொழில் கதை. இந்த நாட்டில் கேக்குக்கு வற் வரி இல்லை, பிஸ்கற்றுக்கும் இல்லை, ஆனால் சொக்கிலேற் பூசின பிஸ்கற்றுக்கு உண்டு. அப்படியானால் மேலே சொக்கிலேற் பூசின ஜஃபா கேக் கேக்கா, பிஸ்கற்றா? 1991இல் இது தீர்ப்பாயம் வரைக்கும் போனது. அங்கே பார்த்த விசயங்களில் ஒன்று, பழசாகினால் என்ன நடக்கும் என்பது. பிஸ்கற் பழசாகினால் நமத்துப்போகும், கேக் பழசாகினால் காய்ந்து இறுகும். ஜஃபா கேக் இறுகியது. ஆகவே கேக் என்று தீர்ப்பு. அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு கிழமை முழுக்க வேறு கதை இல்லை.

மற்றது சொந்தக் கதை. நாங்கள் ஈஸ்ற்ஹாமில் அறை எடுத்தபோது, வீட்டுக்காரக் கிழவி எந்த ஊர் என்று கேட்டா. யாழ்ப்பாணம் என்று சொல்ல, அவவுடைய காதில் அது ஜஃபா என்று விழுந்துவிட்டது. கடைசி வரைக்கும் எங்களைத் தோடம்பழத் தோட்டக்காரரின் பிள்ளைகள் என்றே நினைத்திருந்தா. ஒவ்வொரு நத்தாருக்கும் ஆளுக்கொரு பெட்டி ஜஃபா கேக் தருவா, ஊர் ஞாபகம் வரட்டும் என்று. நண்பன் வாங்கிக்கொண்டு, "எங்கடை தோட்டத்துப் பழம்தான்" என்று மரியாதையாகச் சொல்லுவான்.

அதுவும் அவனுக்குக் கூடாது. ஆனால் ஒரு பெட்டி எடுத்தேன். திறக்காமல் பார்த்துச் சிரிக்கட்டும், பிறகு தங்கச்சி சாப்பிடட்டும்.

மாமைற் பக்கம் போனேன். அதுவும் சும்மா போன பழக்கதோசம். பேர்ட்டன் நகரத்தில், பியர் வடிக்கிற இடங்களில் மிஞ்சுகிற ஈஸ்ற்றிலிருந்து 1902 முதல் செய்கிறார்கள். வெள்ளைக்காரரிலேயே பாதிப் பேர் மூக்கைச் சுழிக்கிற சாமானை, எங்கள் நாட்டில் காய்ச்சல்காரருக்குச் சுடுதண்ணீரில் கரைத்துத் தேசிக்காய் பிழிந்து கொடுத்தார்கள். இதன் சரியான பிரயோசனத்தைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்பது என் கட்சி. நூறு கிராமில் பத்துக் கிராமுக்கு மேல் உப்பு. போத்தலைக் கையிலெடுக்கவும் பயமாக இருந்தது. முன்னொருமுறை இதைக் கைப்பையில் வைத்துக்கொண்டுபோய், விமான நிலையத்தில், நூறு மில்லிலீற்றருக்கு மேல் என்று பறித்துக் குப்பையில் போட்டார்கள். பசைபோல் இருப்பதும் அவர்களுக்குத் திரவம்தானாம். கறுப்புத் தங்கம் போனது போல அன்றைக்குத் துக்கப்பட்டேன்.

லிக்கறிஸ் என்கிற கறுப்பு இனிப்பு இருக்கிறதே, அது வேறொன்றுமில்லை, எங்கள் அதிமதுரம். இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். அதுவும் இல்லை.

பேரப்பிள்ளைகளுக்கு எடுக்கிறது சுகம் என்று நினைத்தேன். அதிலும் ஒரு முடிச்சு. நண்பனின் மகள் மரக்கறிக்காரி, பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்க்கிறா. ஜெலி பேபியில் மாட்டு ஜெலற்றின். பிறகு, பன்றி முகம் போட்ட ஒரு ரோஸ் நிற இனிப்பு, பேர்சி பிக், இப்போது ஜெலற்றின் இல்லாமல் வருகிறது என்று என் பேத்தி அடித்துச் சொன்னாள். பெட்டியைப் பார்த்தேன், உண்மைதான். ஆக, பன்றி முகத்தில் இருப்பது மரக்கறி, குழந்தை உருவத்தில் இருப்பது மச்சம். அதுபோல, இறால் கொக்ரெயில் கிறிஸ்ப்ஸில் இறால் இல்லை. இந்த நாட்டுத் தின்பண்டங்களைப் பெயரை வைத்து நம்பக்கூடாது.

மகளுக்கும் மருமகனுக்கும் ரனக்ஸ் கரமல் வேபர் இரண்டு பெட்டி. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில், அடிங்ஸ்ரன் என்ற ஊரில், இன்றைக்கும் ஒரு குடும்பம் நடத்துகிற தொழில். அந்தச் சிவப்பும் பொன்னிறமுமான தாளுக்காகவே வாங்கலாம்.

எல்லாம் ஆயிற்று, நண்பனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கடைசியில், அவனுக்கு ஒத்துவரக்கூடியது என்று இரண்டு வகையை ஒதுக்கினேன். ஒன்று ஷோர்ட்பிரெட், மாவும் வெண்ணெயும் சீனியும்தான், ஒரு துண்டு தின்றால் பிழையில்லை. மற்றது சோளத்தில் செய்த பொரி, உருளைக்கிழங்கு இல்லை. இந்த இடத்தில் எனக்கு ஒரு சிரிப்பு வந்தது. கிறிஸ்ப்ஸ் உருளைக்கிழங்கில் செய்தால் வற் வரி உண்டு, சோளத்தில் செய்த சிப்ஸுக்கு இல்லை. அரசாங்கமும் சிறுநீரக வைத்தியரும் ஒரே கிழங்கைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

சாமானையெல்லாம் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு காசு கட்டப் போகிற வழியில், கீழ்த்தட்டில் அது கிடந்தது. சோல்ற் அன்ட் ஷேக். ஆறு சின்னப் பக்கற் சேர்ந்த ஒரு பை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிறிஸ்ப்ஸுக்கு உப்பும் உறைப்பும் பூசி விற்கிற காலத்துக்கு முன்னால், கிழங்குச் சீவலைச் சும்மா பொரித்துப் பக்கற்றில் போட்டு, உப்பை நீலக் கடதாசியில் முறுக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். 1920களில் லண்டன் கிறிக்கில்வூட்டில் ஸ்மித் என்பவர் தொடங்கிவைத்த வழக்கம். வேண்டியவர் வேண்டிய அளவு தூவிக் குலுக்கிச் சாப்பிடலாம். பிறகு உப்பும் வினாகிரியும், சீஸும் வெங்காயமும் வந்து அதை ஓரங்கட்டிவிட்டன. 1979இல், நாங்கள் இருவரும் லண்டனுக்கு வந்த அதே வருடம், பழைய ஆட்களின் ஆசைக்காக அதைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். இப்போது முறுக்கின கடதாசி இல்லை, ஒட்டின சின்ன நீலப் பை. கொம்பனி கைமாறினாலும் சாமான் இன்னும் வருகிறது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஏன் இதைக் கேட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் சொல்லாவிட்டாலும் தெரியும்.

1980 டிசம்பர். அறையில் ஒரு கட்டில், ஒரு மெத்தை, ஐம்பது பென்ஸ் குற்றி போட்டால் எரிகிற காஸ் அடுப்பு. பகலில் கணக்கியல் வகுப்பு. இரவில் அவன் பெற்றோல் நிலையத்தில், நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன். அன்று பின்னேரம் தந்தி வந்தது. ஐயா போய்விட்டார். தந்தியில் நாள் பார்த்தால், ஊரில் எல்லாம் முடிந்திருக்கும். ரிக்கற்றுக்குக் காசில்லை, நாலாம் நாள் சோதனை. அழக்கூட வரவில்லை. கட்டில் விளிம்பில் இருந்தபடி இருக்கிறேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. வேலைக்குப் போய்விட்டான். எனக்குக் கோபம் வந்தது, ஒருநாள் நிற்க மாட்டானா என்று. அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தான். வேலைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சில்லறைக்குப் பாணும் இரண்டு பக்கற் கிறிஸ்ப்ஸும் வாங்கி வந்திருந்தான். அந்த இரவுச் சம்பளம் இல்லாமல் அவன் வாடகைக்கு என்ன செய்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. காஸ் மீற்றருக்குக் குற்றி இல்லை, ஆனபடியால் சமையல் இல்லை. பாணை இரண்டாகப் பிரித்து, கிறிஸ்ப்ஸை உள்ளே அடுக்கி, நீலப் பையைக் கிழித்து, உப்பை இரண்டு விரலால் எடுத்துக் கறிக்குப் போடுவதுபோல நிதானமாகத் தூவினான். "தின் மச்சான்" என்றான். ஒரு வாய் கடித்தபோது அந்த நொறுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

1987இல் அவன் கனடாவுக்குப் போனான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. அந்த இரவு அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது, அந்த ரெலிபோன் அழைப்பு வரும்வரைக்கும்.

பையைத் தூக்கி வண்டியில் போட்டேன். வீட்டில் என் மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மறைச்சுக் குடுக்கப் போறீங்களோ?" என்று மட்டும் கேட்டா. அந்தக் கேள்வி போதுமாக இருந்தது. அன்றிரவே தங்கச்சிக்கு எடுத்தேன்.

"தங்கச்சி, அவன் கேட்டவன். நான் பொய் சொன்னனான்."

"தெரியும் அண்ணை."

ஏன் கேட்டான் என்பதையும் சொன்னேன். மறுபக்கத்தில் கனநேரம் சத்தமில்லை. பிறகு, "இவர் எனக்கு உதைச் சொல்லவே இல்லை" என்றா. "பொறுங்கோ, நான் டயற்றீசியனைக் கேட்டுச் சொல்லுறன்."

இரண்டு நாளில் பதில் வந்தது. அவனுடைய இரத்தப் பரிசோதனை எண்கள் அந்த மாதம் நல்லாய் இருந்தபடியால் ஒரு வழி உண்டாம். டயலிசிஸ் தொடங்கின முதல் மணித்தியாலத்துக்குள், ஒரு சின்னப் பக்கற்றில் பாதி, உப்பு இல்லாமல். மிச்ச மூன்று மணித்தியாலத்தில் மெசின் அதைப் பார்த்துக்கொள்ளும். வீட்டில் ஒருநாளும் இல்லை. இது அவனுக்கு, அவனுடைய எண்களைப் பார்த்துச் சொன்னது. வாசிக்கிற நீங்கள் யாரும் உங்கள் வீட்டு நோயாளிக்கு இதைப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் டயற்றீசியனைக் கேளுங்கள்.

உப்பு இல்லாமல்! உப்பைத் தனியே பையில் கட்டி வைத்த மனுசனுக்கு நான் அன்றைக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன். வேறெந்தக் கிறிஸ்ப்ஸிலும் உப்பைப் பிரித்தெடுக்க முடியாதே.

கட்டுகிறதும் ஒரு வேலையாயிற்று. கிறிஸ்ப்ஸ் பக்கற்றுகள் வானத்தில் ஏற ஏற ஊதிப் பெருக்கும், விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. இறுக்கி அடைத்தால் வெடித்துவிடும், சும்மா விட்டால் நொறுங்கிவிடும். ஊசியால் ஒரு துளை போடலாம் என்றான் மகன். நமத்துப் போய்விடும் என்றேன். கடைசியில், குவாலிற்றி ஸ்றீற்றின் பழைய தகரப் பேணி ஒன்றுக்குள், ஊத இடம் விட்டு ஆறையும் வைத்தேன். அந்தப் பேணியில் அதுவரை இருந்த நூல்கட்டையும் பொத்தான்களும் எங்கே போயின என்று மனைவி இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறா. ரொறன்ரோவில் இறங்கியதும், சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று ஒழுங்காக அறிவித்தேன். அதிகாரி பேணியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இங்கேயும் கிடைக்குமே" என்றார். கிறிஸ்ப்ஸ் கிடைக்கும்தான். நான் வாதாடவில்லை.

செவ்வாய்க்கிழமை அவனோடு டயலிசிஸ் பிரிவுக்குப் போனேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்கவிட்டார்கள். அவன் இவ்வளவு மெலிந்திருப்பான் என்று வீடியோ அழைப்பில் தெரிந்திருக்கவில்லை. இடது கையில் இரண்டு தடித்த ஊசி. வலது கைதான் சும்மா இருந்தது, ஆகவே பக்கற்றைப் பிரித்துக் கொடுத்தது நான். அவன் உள்ளே கையை விட்டுத் துழாவி, முதலில் நீலப் பையை எடுத்தான். எடுத்து ஒரு முறை குலுக்கிக் காதருகே வைத்துக் கேட்டான். பிறகு என்னுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான்.

"வைச்சிரு. அண்டைக்கு நான் உனக்குப் போட்டது கூடிப்போச்சு."

ஞாபகம் இருந்திருக்கிறது.

கிறிஸ்ப்ஸை ஒவ்வொன்றாக எண்ணிச் சாப்பிட்டான். ஏழாவதோடு நிறுத்தி, மிச்சத்தை என் பக்கம் தள்ளினான். "டேய், உப்பில்லாட்டி உது வெறும் கிழங்குப் பொரியல் மச்சான். உதுக்கே இவ்வளவு தூரம் வந்தனி?" என்றான். தாதி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அந்த இரவுச் சம்பளத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவன் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டான். நான் கேட்கவில்லை.

மிச்சம் ஐந்து பக்கற்றையும் தங்கச்சி எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. மாதத்துக்கு ஒன்று, டயற்றீசியன் ஓமென்றால் மட்டும். ஒவ்வொரு பக்கற்றிலும் மாதத்தை எழுதிவிட்டா. அதோடு இன்னொரு சட்டம். டயலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் திறக்காத நீலப் பையைக் கணக்குக் காட்டவேண்டும், அதை ஒரு கண்ணாடிக் கிளாசுக்குள் போட்டு வைப்பா. நாற்பது வருடம் கணக்குப் பரிசோதித்த எனக்கே இந்த ஒழுங்கு வராது.

போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தா. அலுமாரி வெறுமையாயிற்றாம். பின்னால் நண்பனின் குரல், "நான் தின்னேல்லை, நான் தின்னேல்லை" என்று கேட்கிறது.

"அண்ணை, ஆறு பக்கற்தானே கொண்டு வந்தனீங்கள்? கிளாசுக்குள்ளை அஞ்சு பைதான் கிடக்கு. ஒண்டை இவர் போட்டுத் திண்டிட்டார் எண்டு நான் சொல்லுறன், இவர் இல்லையாம்."

"அவன் தின்னேல்லைத் தங்கச்சி" என்றேன். "அது என்னட்டைக் கிடக்கு."